கலையாத வகுப்பு



கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள நம் பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் ஒரு வகுப்பு விடைபெற்றுச் செல்கிறது. முதலாம் வகுப்பில் தாயின் சேலைத் தலைப்பை விடாமல் அழுதபடி வந்த பிள்ளைகள், பதின்மூன்று ஆண்டுகளின் பின் வாலிபராய் வெளியேறுகிறார்கள். கடைசி நாளில் வெள்ளைச் சட்டையின் முதுகிலும் கையிலும் நண்பர்கள் பேனையால் பெயர் எழுதுகிறார்கள். ஆட்டோகிராப் புத்தகங்கள் கைமாறுகின்றன. கண்டிப்பான ஆசிரியை என்று பெயரெடுத்தவரும் அன்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். மறுவாரம் அந்த வாங்குகளில் வேறு பிள்ளைகள் இருப்பார்கள்.

இப்படி வெளியேறும் பிள்ளை கையில் எதைக் கொண்டு போகிறது? பாடசாலை விடுகைப் பத்திரம் ஒன்று. அதிபர் ஒப்பமிட்ட நற்சான்றிதழ் ஒன்று. சில மாதங்களின் பின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு. இந்த மூன்று தாள்களையும் நாம் கண்ணாடி உறையிலிட்டுப் பத்திரப்படுத்துகிறோம். ஆனால் பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் பிள்ளையை உருவாக்கிய வேறொன்று உண்டு. அதற்குச் சான்றிதழ் கிடையாது. அதுதான் வகுப்பு: அருகிலிருந்தவன், பின்வாங்கில் இருந்தவன், மதியத்தில் சோற்றுப் பொதியைப் பகிர்ந்தவள், கணக்கு விளங்காதபோது சொல்லிக் கொடுத்தவள். பாடசாலை முடிந்ததும் இந்த வகுப்பும் முடிந்துவிடுகிறதா என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

பிள்ளைகளை ஒன்றாக இருத்திக் கற்பிப்பது உலகம் தோன்றிய நாள்முதல் இருந்த வழக்கம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியன்று. முற்காலத்தில் ஐரோப்பாவின் சிறு பள்ளிகளிலே ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாகத் தம்மிடம் அழைத்துப் பாடம் கேட்பார்; மற்றப் பிள்ளைகள் தங்கள் முறை வரும்வரை வீணே காத்திருப்பார்கள். வசதி படைத்தோர் வீட்டிலேயே ஆசிரியரை வைத்துக்கொண்டார்கள். ஏழைத் தொழிலாளியின் பிள்ளை தெருவில் திரிந்தது. 1651ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் றெய்ம்ஸ் நகரில் பிறந்த ஒரு செல்வக் குடும்பத்துப் பிள்ளை, குருவாகிய பின் இந்த நிலையைக் கண்டு மனம் வருந்தினார். அவர்தான் புனித யோவான் பப்திஸ்து டி லா சால்.

பிள்ளைகளை நிலைக்கேற்பப் பிரித்து, ஒரே வகுப்பில் ஒன்றாக இருத்தி, ஒரே பாடத்தை எல்லாருக்கும் கற்பிக்கும் முறையை அவரும் அவருடைய சகோதரர்களும் ஒழுங்குபடுத்திப் பரப்பினார்கள். அவருக்கு முன்னும் ஆங்காங்கே சிலர் அப்படிச் செய்ததுண்டு. ஆனால் அதை ஒரு நாட்டின் வழக்கமாக்கிய பெருமை அவர்களுக்கு உரியது. இலத்தீன் மொழியில் அல்லாமல் பிள்ளை வீட்டில் பேசும் தாய்மொழியில் முதலில் வாசிக்கக் கற்பித்தார்கள். ஏழைகளிடம் பணம் வாங்க மறுத்தார்கள். தகுதியற்றவர்கள் என்று சமூகம் ஒதுக்கிவைத்த ஆசிரியர்களை டி லா சால் தம் வீட்டுக்கே அழைத்துத் தம் மேசையில் உணவருந்தச் செய்தார். உறவினர் முகஞ்சுளித்தனர். பேராலயத்திலே தமக்கிருந்த கௌரவப் பதவியை 1683இல் துறந்தார். பின்னர் பஞ்சம் வந்தபோது தம் செல்வத்தைப் பசித்தோருக்குப் பகிர்ந்து கொடுத்தார். 1719இல் இறந்த அவரைத் திருச்சபை 1900இல் புனிதராக்கி, 1950இல் ஆசிரியர்களின் பாதுகாவலராகப் பிரகடனம் செய்தது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறோம்? அவருடைய சபைச் சகோதரர்களின் உழைப்பில் வளர்ந்ததுதான் 1865இல் தொடங்கிய கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் கல்லூரி. நல்லாயன் கன்னியரும் 1869இல் இலங்கைக்கு வந்து அதே கொட்டாஞ்சேனையில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகனும், செட்டியார் தெருவில் கடை வைத்தவரின் மகனும், அரசாங்க எழுதுவினைஞரின் மகனும் ஒரே வாங்கில் இருந்து ஒரே பாடத்தைக் கேட்டார்கள். தமிழரும் சிங்களவரும் பறங்கியரும், கத்தோலிக்கரும் சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் ஒரே மணியோசைக்கு எழுந்து நின்றார்கள். வீட்டில் எத்தனை வேற்றுமை இருந்தாலும் வகுப்பறை வாசலில் அதை விட்டுவிட்டு வரவேண்டும் என்பதே வகுப்பு என்ற சொல்லின் பொருள்.

இந்த வகுப்புகளைக் காலம் சும்மா விட்டுவிடவில்லை. 1922இல் தொடங்கிய பம்பலப்பிட்டி புனித பேதுரு கல்லூரி, இரண்டாம் உலக யுத்தத்தின்போது இராணுவ வைத்தியசாலையாக்கப்பட்டது. பிள்ளைகள் வேறிடங்களுக்குச் சென்று கற்றார்கள். 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களால் அரசின் உதவி பெற்ற பாடசாலைகள் அரசுடைமையானபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கியிருந்து அவற்றைக் காத்தார்கள். கட்டணம் அறவிட முடியாத தனியார் பாடசாலைகளாக எஞ்சியவற்றை நடத்துவதற்காகக் களியாட்ட விழாக்கள் வைத்தும் சீட்டுகள் விற்றும் ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்தார்கள். இன்று பேரப்பிள்ளையின் பட்டியைக் கட்டிவிடும் பாட்டனார் சிலர் அந்த நாட்களில் அந்த வளவுகளில் பாயில் படுத்தவர்கள்.

1983 யூலை மாதத்தை நாம் மறக்கமுடியாது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. முந்திய வாரம் வரை வகுப்பில் இருந்த பிள்ளைகள் அகதி முகாம்களில் இருந்தார்கள்; பலர் கப்பலேறிக் காங்கேசன்துறை போனார்கள்; பின்னர் பலர் கடல் கடந்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போனார்கள். ஆனால் அதே நாட்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் சிங்கள அயலவரின், நண்பரின் வீடுகளில் மறைந்திருந்து உயிர் தப்பியதும் வரலாறே. ஒருவனைத் தோழனாக அறிந்தவனுக்கு அவனைப் பகைவனாகப் பார்ப்பது எளிதன்று. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த பின், பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது வாசலில் பிள்ளைகளின் புத்தகப் பைகள் சோதிக்கப்பட்டன. உள்ளே அவர்கள் மீண்டும் அதே வாங்கில் ஒன்றாக இருந்தார்கள். அந்தக் கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒன்று தன் இஸ்லாமியத் தோழனுக்கு அருகில் இருந்ததே ஒரு மறையுரைக்குச் சமம்.

யுத்தமும் கலவரமும் குண்டும் கலைக்க முடியாத வகுப்பை இன்று வேறொன்று மெல்லக் கலைக்கிறது. அது ஆயுதம் ஏந்தி வருவதில்லை. ஒரு எண்ணாக வருகிறது.

ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களுக்குச் சேர்க்கப்படுவோர் நாற்பதாயிரத்துச் சொச்சம். 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி என்ற அளவுகோலால் பிள்ளைகள் வரிசைப்படுத்தப்படுகிறார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் நாடு முழுவதற்கும் பொதுவான வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. ஆகவே கொழும்புப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்தே இருக்கும். மூன்று பாடத்திலும் சித்தியடைந்து, பல்கலைக்கழகத் தகுதியும் பெற்று, இடம் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் பல்லாயிரம். இருக்கின்ற இடம் சில, கேட்பவர் பலர், அதற்கு ஒரு கணக்கு வேண்டும். கணக்கைக் குறைசொல்ல நாம் வரவில்லை. அந்தக் கணக்கை வீட்டின் தராசாக்கிவிடுகிறோமே, அதைப்பற்றித்தான் பேசுகிறோம்.

பெற்றோரே, தாலந்துகளின் உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை இன்றிரவு ஒருமுறை எடுத்து வாசியுங்கள். ஐந்து தாலந்து பெற்றவன் மேலும் ஐந்து சம்பாதித்தான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு சம்பாதித்தான். தலைவன் இருவரையும் எப்படிப் பாராட்டினான் என்று கவனியுங்கள். சொல்லுக்குச் சொல் ஒரே பாராட்டு! அதிகம் கொண்டுவந்தவனுக்கு ஒரு வார்த்தை கூட்டவுமில்லை. குறைவாகக் கொண்டுவந்தவனுக்கு ஒரு வார்த்தை குறைக்கவுமில்லை. நம் வீடுகளிலோ, மூன்று ஏ எடுத்த பிள்ளைக்குப் பத்திரிகையில் படம். இரண்டு சீயும் ஓர் எஸ்ஸும் எடுத்த பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் மௌனம்.

மூன்றாமவன் ஏன் தாலந்தைப் புதைத்தான்? சோம்பல் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறோம். அவன் வாயாலேயே காரணம் சொல்கிறான்: தலைவன் கடுமையானவன் என்று எண்ணி அஞ்சியதாகச் சொல்கிறான். அச்சம் கொண்ட கை எதையும் முதலிடாது. குழி தோண்டி மறைக்கும். தகப்பனைக் கடுமையானவர் என்று நம்பும் பிள்ளையும் தன் திறமையை மட்டுமல்ல, தன் தோல்வியையும் துயரத்தையும் புதைத்துவிடும். பெறுபேறு வந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கதவுக்கு வெளியே நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை எது? “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன?” என்பதா? “வா ராசா, சாப்பிடுவோம்” என்பதா? அந்த ஒரு வார்த்தையில் ஓர் உயிர் தங்கியிருக்கக்கூடும். இது மிகைப்படுத்திச் சொல்வதன்று; நம் பங்குத்தந்தையர் இதை நன்கு அறிவர். பிள்ளையின் மனச்சோர்வு உங்கள் கைக்கு மிஞ்சியதென்று கண்டால் தயங்காதீர்கள். மருத்துவரை நாடுவது வெட்கமன்று. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் உதவி கேட்கலாம்.

எருசலேமில் பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் தேடிய மரியாவையும் சூசையப்பரையும் லூக்கா காட்டுகிறார். மூன்றாம் நாள் கோவிலில் கண்டபோது தாய் மனம் நொந்து கேட்டாள்; மகன் பதில் சொன்னான்; அந்தப் பதில் அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காததைத் தாய் என்ன செய்தாள்? தள்ளிவிடவில்லை, உள்ளத்தில் வைத்துக்கொண்டாள். உங்கள் மகன் மருத்துவனாக வேண்டுமென நீங்கள் எண்ணியிருக்க, அவன் மின்னியல் தொழில் கற்கப்போகிறேன் என்கிறான். மகள் குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போகிறேன் என்கிறாள். விளங்கவில்லையா? தேவதாயைப் போல உள்ளத்தில் வைத்துச் செபியுங்கள். அந்த மகன் நாசரேத்துக்குத் திரும்பியபின் ஏறத்தாழ முப்பது வயதுவரை என்ன செய்தார் என்று நற்செய்தி விவரிக்கவில்லை. தச்சுப் பட்டறையிலே கழிந்த அந்த நீண்ட ஆண்டுகளை வானகத் தந்தை வீணான காலமென்று எண்ணவில்லை.

இனி, பிள்ளைகளே, உங்களோடு பேசுவோம்.

இயேசுவின் பன்னிருவரும் ஒரு வகுப்புத்தான். மூன்று ஆண்டுகள் ஒரே ஆசிரியரிடம் கற்றார்கள். யார் பெரியவன் என்று சண்டையும் பிடித்தார்கள். அந்த வகுப்பின் மாணவ தலைவர் இராயப்பர். பரீட்சை நாளும் வந்தது. தலைமைக்குருவின் முற்றத்தில், குளிர் காய்ந்துகொண்டிருந்த இடத்தில், மிக எளிய கேள்விதான் கேட்கப்பட்டது: அந்த மனிதரை உனக்குத் தெரியுமா? மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் தவறினார். வெளியே போய் அழுதார். உயிர்த்த ஆண்டவர் அவரை எப்படி ஏற்றார் என்பதை யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஏன் தவறினாய் என்று கேட்கவில்லை. அன்பு செய்கிறாயா என்று மட்டும் மூன்று முறை கேட்டார்.

அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் நாம் பெரும்பாலும் கவனியாத ஒரு சிறு காரியம் உண்டு. இராயப்பர் மீன் பிடிக்கப் போகப்போவதாகச் சொல்கிறார். சோர்ந்துபோன மனிதனின் பேச்சு அது. அங்கிருந்த மற்ற ஆறு பேரும் என்ன செய்தார்கள்? ‘நீ மறுதலித்தவன்தானே’ என்று ஒதுங்கவில்லை. தாங்களும் வருவதாகச் சொல்லி ஒரே படகில் ஏறினார்கள். அவர்களிலே ஒருவர் சிலுவையின் அடிவரை சென்ற அன்புச் சீடர். பரீட்சையில் முதலிடம் என்றே சொல்லலாம். அவரும் அதே படகில் இருந்தார். விடியும்வரை ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் தோற்றவர் தனியே இருக்கவில்லை. ஆண்டவர் கரையில் அடுப்பு மூட்டிக் காத்திருந்தது அந்தப் படகுக்காகத்தான்.

உங்கள் பெறுபேறு வரும் மாலையில் இதை நினைவுகூருங்கள். வட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவியும், படங்கள் பறக்கும். அந்த ஆரவாரத்தில் ஒருவன் மட்டும் பேசாமல் இருப்பான். ஒருத்தி குழுவைவிட்டே விலகியிருப்பாள். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். பதின்மூன்று ஆண்டுகள் பெயர் கூப்பிடும்போது அடுத்தடுத்துப் பதில் சொன்னவர்கள் அல்லவா? தொலைபேசியில் கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம். காலிமுகத்திடலுக்கோ வெள்ளவத்தைக் கடற்கரைக்கோ கூட்டிக்கொண்டுபோய்ச் சிறிது நேரம் கூட இருங்கள். உங்கள் சட்டையில் அவன் எழுதிய பெயருக்கு அன்றுதான் பொருள் வரும்.

சித்தியடைந்து பல்கலைக்கழகம் போகிறவர்களே, உங்கள் வெற்றி உங்களுடையது மட்டுமா? விளங்காததைக் கேட்டு உங்களை விளக்கச் செய்தவன் உங்கள் கல்வியையும் கூர்மையாக்கினான். கடந்தகால வினாத்தாளைக் கடன் தந்தவள் உங்கள் புள்ளியில் பங்காளி. செல்வக் குடும்பத்து டி லா சால், தம் மேசையை ஏழை ஆசிரியர்களோடு பகிர்ந்தார். உங்களிடம் பகிர என்ன உண்டு? குறிப்புப் புத்தகங்கள் உண்டு. விடுமுறை நாட்கள் உண்டு. இரண்டாம் முறை தோற்றும் நண்பனோடு கிழமையில் இருமுறை இருந்து படியுங்கள். ரியூசன் கட்டணம் கட்ட முடியாத முகத்துவாரத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லிக் கொடுங்கள். வெளிநாடு போகிறவர்கள் அங்கிருந்தும் தொடரலாம். 1983இன் பின் சிதறிய பழைய மாணவர்கள் தங்கள் பாடசாலைகளுக்கு இன்றும் கை கொடுத்துவருகிறார்கள்.

சித்தி தவறியவர்களே, வேறு வழி தேடுகிறவர்களே, திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையில் மாலைவரை சந்தியில் நின்றவர்களைப் பாருங்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, எவரும் எங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்றார்கள். உலகம் அவர்களைப் பார்த்துவிட்டுக் கடந்து போயிற்று. தோட்டத்து உரிமையாளர் மட்டும் நாளின் கடைசி வேளையிலும் வெளியே வந்தார். அவருடைய தோட்டத்தில் உங்களுக்கு வேலை உண்டு. ஆனால் சந்தியில் நின்றவர்கள் அழைப்பு வந்தவுடன் புறப்பட்டார்கள் என்பதையும் மறவாதீர்கள். தொழில் கற்கும் நிலையங்கள் உண்டு, கணக்கியல் உண்டு, ஆசிரியத் தொழில் உண்டு, குருத்துவ, துறவற அழைத்தலும் உண்டு. வெட்கத்தோடு வீட்டில் அடைந்து கிடப்பது மட்டும் வேண்டாம்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. இதுவரை முதல் வெள்ளிப் பூசைக்கு ஆசிரியர் வரிசையாக அழைத்துச் சென்றார். பாவசங்கீர்த்தனத்துக்கு முறை சொல்லி அனுப்பினார். காலைச் செபத்தை ஒலிபெருக்கி சொல்லித் தந்தது. நாளை முதல் யாரும் அழைக்கமாட்டார்கள். ஞாயிறு காலையில் ரியூசனா, திருப்பலியா என்ற கேள்வி வந்தபோதெல்லாம் பரீட்சை முடியட்டும் என்றோம். பரீட்சை முடிந்துவிட்டது. இனிச் சொல்ல எந்தச் சாக்கு மிச்சம்? கட்டாயம் நீங்கியபின் செய்யும் செபமே உங்கள் சொந்தச் செபம். புனித லூசியாள் பேராலயமும் வெள்ளவத்தை புனித லோரன்ஸ் ஆலயமும் நீங்கள் சீருடை இல்லாமல் வரும் நாளையே எதிர்பார்த்திருக்கின்றன. உங்கள் சைவ, இஸ்லாமிய, பௌத்தத் தோழரும் தங்கள் வணக்கத்தில் ஊன்றி நிற்க நீங்கள் உற்சாகம் கொடுங்கள். கடவுளை மறவாத தோழனே ஆபத்து வேளையில் தோழனை மறவாதவன்.

டி லா சால் சகோதரரின் பாடசாலைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பாடத்தின் நடுவில் சிறிது நிறுத்தி, நாம் இறைவனின் திருமுன்னிலையில் இருக்கிறோம் என்பதை நினைவுகூருவார்கள். எழுதிக்கொண்டிருந்த பேனை நிற்கும். வகுப்பு முழுவதும் ஒருகணம் அமைதியாகும். கெட்டிக்காரனும் மந்தமானவனும் அந்தக் கணத்தில் ஒரே நிலையில் இருப்பார்கள். அதற்கு மணி தேவையில்லை. வைத்தியசாலை விறாந்தையிலும், செட்டியார் தெருக் கடையிலும், ரொறன்ரோ நகரத்துப் பேருந்திலும் அதைச் செய்யலாம். அப்படி நிறுத்தும்போது உங்களோடு படித்த ஒருவரின் பெயரையாவது சொல்லி அவருக்காகச் செபியுங்கள். நாற்பது பேர் நாற்பது இடத்தில் இருந்து ஒருவரையொருவர் இறைவன் முன் நினைக்கும் வகுப்பு கலைந்துபோன வகுப்பன்று.

நல்லாயனாம் இயேசு உங்களைப் பெயர் சொல்லி அழைத்து, உங்கள் முன்னே நடப்பாராக. ஆமென்.